தகரம் மாட்டாமல் கீழே போன அப்பா

என் அன்பு அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அங்கே உங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்கும்தான். அவவிடம் ஒன்றைச் சொன்னால் விடியமுதல் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். செத்த பிறகும் அந்தப் பழக்கம் போயிருக்காது.

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, கொமோட் மூடியின் மேல் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான். வெளியே அப்பா படுத்திருக்கிறார். நித்திரையா இல்லையா என்று தெரியவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

நாளைக் காலை யோர்கன் வருவார். அதற்கு முன் நான் அப்பாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட அதைவிடப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

யோர்கன் யார் என்று கேட்பீர்கள். நாங்கள் இருக்கும் ஊர், டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஊருக்கு வெளியே, ரயில் ஓடாமல் நிறுத்திய பழைய பாதை ஒன்று இருக்கிறது. கோடை காலத்தில் அதில் சனங்களை ஏற்றி ஓட்டுவதற்காகச் சிலர் சேர்ந்து பழைய பெட்டிகளைத் திருத்துகிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. சனிக்கிழமை என்றால் பேக்கரிக்காரர், வாத்தியார், பாங்கில் வேலை செய்பவர் எல்லோரும் ஊத்தை உடுப்போடு வந்து துரு சுரண்டுகிறார்கள். யோர்கன் அவர்களில் ஒருவர். மற்ற நாட்களில் தச்சு வேலை செய்கிறார்.

விசா முடிவு வரும் வரை அப்பா வேலைக்குப் போக முடியாது. யன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் பாதியாகப் போய்விட்டார். என் வகுப்பு டீச்சர்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னா. அப்பா நம்பவேயில்லை. “காசும் வாங்காமல் லீவு நாளிலை ஊத்தை பிரட்டுற வெள்ளையளோ? உனக்கு விளங்கேல்லைப் பிள்ளை, வடிவாக் கேட்டுக்கொண்டு வா” என்றார். போய்ப் பார்த்த பிறகு ஒரு சனிக்கிழமையும் விடுவதில்லை. தபால் கந்தோரில் முத்திரை குத்திய அந்தக் கைகளில் இப்போது கம்பி பிரஷ்ஷின் கீறல்கள். மொழிபெயர்த்துச் சொல்ல நானும் கூடப் போவேன். யன்னல் சட்டங்களில் பழைய பெயின்ற்றை உரஞ்சி எடுப்பேன்.

அங்கே ஒரு கட்டாயமான வழக்கம் உண்டு. பெட்டிக்கு அடியில் வேலை செய்யப் போகிறவர், தன் பெயர் எழுதிய சிவப்புத் தகரத்தைப் பெட்டியின் முனையில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் கழற்ற வேண்டும். அடுத்தவர் தகரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தகரம் தொங்கினால் எஞ்சின் அந்தப் பெட்டிக்குக் கிட்டவே வராது. சின்ன டீசல் எஞ்சினை ஓட்டுகிறவ கிர்ஸ்டன். அப்பாவுக்கும் அவதான் தகரம் எழுதிக் கொடுத்தா. சண்முகநாதன் என்பது அதில் அடங்கவில்லை, ‘நாதன்’ என்று மட்டும் எழுதினா. “மிச்சப் பேர் எங்கே?” என்று யோர்கன் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, “மிச்சம் அடுத்த பெட்டியிலை வருகுது எண்டு சொல்லு” என்றார். நான் சொன்னதும் எல்லோரும் கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். நீங்கள் போன பிறகு அப்பா விட்ட முதல் பகிடி அது, அம்மா.

இனி நேற்று நடந்தது.

அப்பா ஒரு பெட்டிக்கு அடியில் பிரேக் கம்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோப்பி குடிக்க வெளியே வந்து, தகரத்தைக் கழற்றி, தான் உட்கார்ந்த வாங்கில் வைத்தார். அந்த நேரம் ஒரு கார் வந்து நின்றது. மூன்று ஆண்கள் இறங்கினார்கள். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், தொப்பி. எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இல்லை. பெட்டிக்கு அடியில், சில்லுகளுக்கு நடுவே, தண்டவாளத்தில் குப்புறக் கிடந்தார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். தகரம் வாங்கிலேயே கிடந்தது.

நானும் ஊரில் வருகிற ஆமி, இராணுவம், என்றுதான் நினைத்தேன். டென்மார்க்கில் எங்களைத் தேடி எந்த ஆமி வரப்போகிறது என்று மூளை சொன்னது. கால்கள் அதைக் கேட்கவில்லை.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து எஞ்சின் வெளியே வரும் சத்தம் கேட்டது. கிர்ஸ்டன் தலையை நீட்டிக் கொக்கியைப் பார்த்தா. தகரம் இல்லை. பெட்டியைக் கொழுவி இழுக்க வந்துகொண்டேயிருந்தா.

சத்தம் போட்டால் அப்பாவைப் பிடித்துக் கொடுத்தவள் ஆவேன். போடாவிட்டால் சில்லு அவர் மேல் ஏறும். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் அம்மா? மேலேயிருந்து பார்த்தீர்களா?

பிறகு எப்படி ஓடினேன் என்று தெரியாது. தகரத்தை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் போய் நின்றேன். “அப்பா, அப்பா” என்று தமிழில்தான் கத்தினேன். பிரேக் கிரீச்சிட்டது. எஞ்சினின் சூடு என் முகத்தில் பட்டது. நின்றுவிட்டது.

அப்பா தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலில் இருந்தபடி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தார். சீருடைக்காரர்களில் ஒருவர் ஓடிவந்து குனிந்தார். அது யோர்கன். கோடை கால ஓட்டத்தில் போடும் பழைய ரயில்வே உடுப்பு அளவாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு, எங்களுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று அப்படியே வந்திருக்கிறார்கள். எண்ணெய் உடுப்பில் மட்டுமே பார்த்த முகம், தொப்பிக்குக் கீழே எங்களுக்குத் தெரியவில்லை.

யோர்கன் தொப்பியை எறிந்தார். கோட்டையும் கழற்றினார். அந்தக் குளிர்காற்றில் சேட்டோடு நின்று, “நான்தான் என்று சொல்லு. கையை இறக்கச் சொல்லு” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோப்பி அறையில் கிர்ஸ்டன் அழுதுகொண்டே ஏசினா. “தகரம் மாட்டாமல் ஏன் போனார்? நான் அவரைக் கொன்றிருப்பேன், தெரியுமா?” யோர்கன் மெதுவாக, “ஏன் போனார் என்று கேள்” என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நட்டு ஒண்டு விழுந்திட்டுது, அதைத் தேடினனான் எண்டு சொல்லு.”

அவருடைய கைகளைப் பார்த்தேன். பிடித்திருந்த கோப்பையிலிருந்து கோப்பி மேசையில் சிந்திக்கொண்டிருந்தது. யோர்கனும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் நட்டுக் கதையைச் சொல்ல முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன் அம்மா. சீருடையில் வந்தவர்களை ஆமி என்று நினைத்துவிட்டார் என்றேன். ஊரில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்திருந்தது, அவர் அங்கே இருந்தபோதுதான் அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போனா, அவவின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை என்றேன். அப்பா பக்கத்திலேயே இருந்தார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை.

முகாமைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நாங்கள் வந்த புதிதில், எங்களுக்கு முதலே வந்திருந்த சிவம் மாமா அப்பாவிடம் சொன்னார்: “முகாமிலை இருந்தனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். இயக்கத்திலை இருந்து சண்டை பிடிச்சவன் எண்டு எழுதி அடுத்த பிளேனிலை ஏத்தி விட்டிடுவாங்கள்.” அதனால், எங்களை இங்கே இருக்க விடுவதா என்று பொலிஸ் விசாரித்தபோது அப்பா அதைச் சொல்லவேயில்லை. என்னிடமும் உங்கள் பெயரில் சத்தியம் வாங்கினார்.

யோர்கன் கேட்டார், “இது பொலிசுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, “தெரிய வேண்டும். திங்கள் காலை நான் வருகிறேன், மூன்று பேரும் சேர்ந்து பொலிசுக்குப் போவோம்” என்றார். இந்தச் சனங்களின் முகத்தில் கோபமும் இரக்கமும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. உதவி செய்யத்தான் கூப்பிடுகிறாரா? மறைத்தது பிழை என்று ஒப்படைக்கப் போகிறாரா? கேட்க எனக்கு டேனிஷ் வரவில்லை. தமிழும் வந்திருக்காது.

போகும்போது அவர் அப்பாவின் தோளில் கை வைத்தார். அப்பா சிரித்தார். பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “நல்ல மனுசன். நட்டுக் கதையை அப்பிடியே நம்பிட்டான். கடைசியா என்ன சொன்னவர்?”

“கவனமா இருக்கச் சொன்னவர்” என்றேன்.

இன்று முழுக்க அப்பா நல்ல சந்தோசம். கிர்ஸ்டனிடம் மன்னிப்புக் கேட்க டேனிஷ் சொல் ஒன்றைப் பாடமாக்கினார். கத்தரிக்காய்க் கறி வைத்தார், உறைப்புக் கூடிவிட்டது, இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டோம். ஒவ்வொரு வாய்க்கும், இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் ஒன்று கத்தியது. சொன்னால் அந்தச் சிரிப்புப் போய்விடும். பிறகு வருமா?

யோர்கன் வந்து நிற்கும்போதுதான் அப்பாவுக்குத் தெரியவந்தால், அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? மறுபடியும் தலையில் கை வைப்பாரா, என் முன்னால்? அதை மட்டும் நான் பார்க்கக் கூடாது. சிவம் மாமா சொன்னது சரியாக இருந்தால், எங்களை அனுப்பி வைக்கப்போவது என் வாய்தான். பிழையாக இருந்தால்? அதை எப்படி அறிவது? நீங்கள் இருந்திருந்தால் நீங்களே போய் அவரிடம் சொல்லியிருப்பீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

உங்கள் பெயரில் செய்த சத்தியத்தை முறித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன். யோர்கன் வருவதற்கு முன், அப்பாவின் முகத்தைப் பார்த்து, என் வாயால் சொல்வேன். அவர் அடித்தாலும் சரி. விடிந்ததும், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் அதைக் குடித்து முடித்த...

கதவைத் தட்டுகிறார். அப்பா எழும்பிவிட்டார்.

“பிள்ளை, கனநேரமா உள்ளுக்கை என்ன செய்யிறாய்? அழுறியோ? கதவைத் திற, அப்பாட்டைச் சொல்லு.”

திறக்கிறேன் அம்மா. பக்கத்திலேயே நில்லுங்கள்.

உங்கள் மகள்