இலோனா போகாமல் நின்ற குளிர்காலம்

12.09.2008, பிராங்பேர்ட்

பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் இன்றும் வந்து போனாள். இவர் வாய் திறக்கவில்லை. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, பேச்சும் ஒரு பக்கக் கையும் காலும் போய் ஏழு மாதம்.

இவரைப் பராமரிக்க எங்களுடன் தங்கியிருக்கும் இலோனா, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையோடு ஹங்கேரிக்கே திரும்பப் போகிறாளாம். அவளுடைய மகள் சோஃபி அங்கே சித்தியுடன் இருக்கிறாள். ஆறு வயது. நல்லது என்றேன். அவள் போனால் இவரை ஆர் தூக்கிறது? என்னால் ஏலாது.

16.10.2008

குசினியில் அடுப்பருகே இலோனா தொலைபேசியைக் கையில் வைத்தபடி இருந்தாள். அவர்கள் நாட்டுக் காசின் மதிப்பு விழுந்துவிட்டதாம்.

"அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வீடு அரசாங்கம் தந்தது. ஆட்சி மாறினதும் சுரங்கத்தை மூடி, வீட்டை மலிவாக எங்களுக்கே விற்றார்கள். பிறகு வங்கிகள் வந்தன. சுவிஸ் காசில் கடன் எடுத்தால் வட்டி குறைவு என்றார்கள். கணவனை விட்டுப் பிரிந்தபோது வீட்டில் அவனுடைய பங்கைக் கொடுக்க, வீட்டையே ஈடு வைத்து எடுத்தேன். எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லாருமே எடுத்தோம். இதெல்லாம் எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?"

கடனுக்கான மாதக் கட்டணம் ஏறுகிறது. இங்கே உழைத்துத்தான் கட்ட வேண்டும், நத்தாரோடு திரும்பிப் போகமாட்டாள்.

17.10.2008

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே வெட்கமாயிருக்கு.

02.11.2008

சோஃபி தொலைபேசியில் அழுதது கதவு தாண்டிக் கேட்டது. அந்த அழுகைக்கு மொழி தெரியத் தேவையில்லை.

இவரிடம் கேட்டேன், "பிள்ளையை இஞ்சை கூப்பிடுவமோ?" நல்ல கையால் என் விரலை இறுக்கிப் பிடித்தார்.

எங்கள் மகள் மிதுசாவுக்குச் சொன்னேன். அவளுக்குக் கோபம். "அம்மா, உங்களுக்கே இடம் காணாது. ஆர் பாக்கிறது?"

"நான் பாப்பன். உன்ரை அறை சும்மாதானே கிடக்குது."

இலோனாவிடம் சொன்னேன். இவருடைய போர்வையை மூன்று தரம் மடித்தாள்.

09.01.2009

சோஃபி வந்துவிட்டாள். பெரிய மேலங்கிக்குள் சின்ன முகம். இவரைக் கண்டு பயப்படவில்லை.

ஹங்கேரியில் வீட்டை விற்றாயிற்று. கடன் முழுக்க அடையவில்லை. "அப்பாவின் வீடு," என்று மட்டும் சொன்னாள் இலோனா. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

21.02.2009

இப்போது இவரால் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்க முடிகிறது. இன்றும் காலையில் சோஃபி இவருடைய மற்றக் கையைப் பிடித்து நடத்தினாள், கட்டிலில் இருந்து யன்னல் வரை. ஒவ்வொரு அடிக்கும் தன் மொழியில் எண்ணினாள். எஜ். கெத்தோ. மூன்றாவது அடியில் மூச்சு வாங்க நின்றாள்.

"ஹாரொம்."

மூன்றைச் சொன்னது இவர்.

நான் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். இலோனா ஈரக் கையோடு ஓடிவந்தாள். இத்தனை மாதம் தமிழிலும் ஜெர்மனிலும் கேட்டுக் கேட்டுக் களைத்தோம்—

சோஃபிக்கு அதெல்லாம் தெரியாது. கையை விடாமல் அடுத்த எண்ணைச் சொல்லி இவரை இழுத்தாள்.