கடல்மேல் போட்ட பழி

என் செல்ல அண்ணா,

நீங்கள் போய் எட்டு மாதம். ஓரிடத்தில் இருந்து எழுத ஏலவில்லை. குசினி அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து எழுதுகிறேன். கோபமா பயமா தெரியவில்லை.

உங்களுக்குத் தலை சுற்றுகிறதென்று டொக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? "குடும்பத்தில ஆரும் திடீரெண்டு செத்தவையோ?" என்று கேட்டார். "இல்லை டொக்டர், அப்பா கடலில தாண்டு செத்தவர்" என்றீர்கள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் சாம்பல்தீவில் கடலில் போனவரைக் கடல்தான் கொண்டது என்பார்கள். அதற்குமேல் யார் கேட்டோம்? நீச்சலில் அப்பாவை வெல்ல ஆளில்லை. அன்று குடாவில் அலையும் இல்லை. எங்களுக்கு ஏன் உறைக்கவில்லை, அண்ணா?

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபடியே நீங்கள் சரிந்து கண்ணை மூடிய பிறகுதான் என் இரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார்கள். போன கிழமை முடிவு வந்தது. எல்.எம்.என்.ஏ. என்றொரு பரம்பரையலகில் பிழையாம். அது செய்கிற புரதத்துக்கு லமின் என்று பெயர். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் கருவை உள்ளிருந்து தாங்குவது அதுதானாம், கூடாரத்துக்குக் கம்பு மாதிரி. அது பழுதானால், ஓயாமல் துடிக்கிற இதயம் மெல்லக் கெட்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்கிறார் டொக்டர். எனக்கும் இருக்கிறது. உங்கள் மகள் தர்சினிக்கு இருக்க அரைக்கு அரை வாய்ப்பாம்.

அண்ணி அவளைச் சோதிக்க விடவில்லை. வெருகலில் இருந்து சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. "வருத்தக்காரக் குடும்பமெண்டு தெரிஞ்சா பிள்ளையை ஆர் கட்டுவினம்? அவளிட்ட மூச்சு விடாதேங்கோ மச்சாள்" என்றார். நானும் ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு!

இன்று மீன் கழுவிக்கொண்டிருந்த தர்சினி கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்டுமில்லை மாமி, சும்மா தலைச்சுத்து" என்றாள். அண்ணி பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை அழவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "அப்ப அப்பாவைக் காப்பாத்தியிருக்கலாமோ மாமி?" என்று கேட்டாள்.

"காப்பாத்தியிருக்கலாம்" என்றேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இதயம் நின்றால் தட்டி எழுப்புகிற கருவியை நெஞ்சுக்குள் வைக்கவேண்டுமென்றால் முதலில் எனக்கு வைக்கட்டும். என்னைப் பார்த்து அவளுக்குப் பயம் தெளியும். சம்பந்தம் போனால் போகட்டும். நீங்கள் அங்கே தனியாக இருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் மகளை இப்போதைக்கு உங்களிடம் விடமாட்டேன். சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
தர்சினியின் மாமி