ஐம்பத்திரண்டு டிகிரி

லகாட்
3.8.2024

அன்புத் தம்பி ஜெயபாலனுக்கு அக்கா விமலா எழுதுவது.

நீயும் உன் மகள் பாப்பாவும் சுகமா? எனக்குச் சோறு இறங்குகிறது, அவ்வளவுதான். உன் மச்சானுக்குக் கருமாதி முடிந்து ஆறு நாள் ஆச்சு. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி. எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

பதினோரு வருஷம் பேசாமல் இருந்தாய், சரி. ஆனால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன்டா. கடைசியில் பக்கத்து வீட்டு இருளாயி அக்காதான் போட்டார்கள்.

வொர்க்‌ஷாப்பைக் கூட்டும்போது கார் பாயிண்டுக்கு அளவு பார்க்கிற அந்த மீட்டர் கிடைத்தது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நடை வாயேன்.

உன் அக்கா
விமலா


பாகான் டத்தோ
14.8.2024

அக்காவுக்கு,

கோடி போடாதது என் தப்பு. சேலை வாங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஏற முடியவில்லை.

எந்த முகத்தோடு வருவது? பூபாலசிங்கம் வாத்தியாரின் டட்சன் காருக்கு, தீப்பொறி விடுகிற பாயிண்டைத் திருகி அளவு வைத்தவன் நான். மூன்றாம் நாள் வண்டி கெட்டு, அவர் மகள் கௌசிகா கல்யாணப் பட்டோடு தைப்பிங் ரோட்டில் நின்றாள். முகூர்த்தம் போச்சு. மச்சான் எல்லார் முன்னாலும் செருப்பைக் கழற்றி, "சம்சு குடிச்சிட்டா பாயிண்ட் வச்சே?" என்று அடித்தார். பாயிண்ட் வைத்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் குடித்திருந்தேன் அக்கா. கை நடுங்கித்தான் இருக்கும்.

அதற்கப்புறம் எந்த வண்டி பானெட்டையும் நான் திறக்கவில்லை. இங்கே தேங்காய் உரிக்கிறேன். அதற்கு அளவு வேண்டாம்.

ஜெயபாலன்


லகாட்
22.8.2024

தம்பி,

உன் கடுதாசியை நாலு தரம் படித்தேன். இனி நேரில் சொல்கிறேன் என்று தள்ளிப்போட எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றைக்கு மச்சான் சாவியைத் திருப்பினார். நீ குனிந்து திருகாணியைப் பிடித்திருந்தாய். மீட்டரைப் பார்த்து நம்பர் சொன்னது நான். ஐம்பத்திரண்டு டிகிரி வர வேண்டும் என்றார். பழைய மீட்டரில் நம்பர் ஒரே வரிதான். அது ஈப்போவில் வாங்கின புது மீட்டர், இரண்டு வரி இருந்தது. மேல்வரி நாலு சிலிண்டருக்கு, கீழ்வரி ஆறு சிலிண்டருக்கு. எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். கீழ்வரியில் முள் வந்ததும், "அம்பத்திரண்டு, போதும்லா" என்றேன். நீ இறுக்கினாய். டட்சனுக்கு நாலு சிலிண்டர். மேல்வரியில் அது எழுபத்தெட்டு. பாயிண்ட் திறக்கவே இடமில்லாமல் கருகியது அதனால்தான். உன் கை நடுங்கவில்லைடா.

நீ போன மறுவாரம் இன்னொரு நாலு சிலிண்டர் வண்டிக்கு மேல்வரியைப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருகிறவரிடமெல்லாம், "என் சம்சாரம் மூணாவதோட நின்னவ, ஆனா மீட்டரு பாக்கச் சொல்லு, டாக்டர் தோத்தான்லா" என்பாரே. அந்தப் பேச்சு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். மறுபடி தப்பு வரக்கூடாது என்று கீழ்வரி மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி வைத்தேன்.

கொஞ்ச வருஷமாக நான் மீட்டரைத் தொடவில்லை, இப்போது எடுத்துப் பார்த்தால் என் பிளாஸ்திரி இல்லை. அந்த இடத்தில் கறுப்பு வயர் டேப், அவர் ஒட்டுகிற மாதிரி ஓரம் நேராக வெட்டியது. அவருக்கும் தெரிந்திருக்கிறது தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னையும் கூப்பிடவில்லை. ஒரே பாயில் இத்தனை வருஷம் படுத்திருந்தோம். செத்தவரைத் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

நேற்று வாத்தியார் வீட்டுக்குப் போய், கௌசிகாவும் இருக்கும்போது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் தப்புப் பண்ணிவிட்டேன்.

மீட்டரை இதோடு அனுப்புகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

விமலா


பாகான் டத்தோ
30.9.2024

மீட்டர் வந்தது. டேப்பை உரித்துவிட்டேன்.

செருப்படி மறந்துபோச்சு. குடிகாரன் கை என்று என் கையை நானே பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மறக்காது.

கோடிச் சேலையைப் பாப்பா தபாலில் போடுவாள். கட்டிக்கொள். தீபாவளிக்கு இங்கே வர வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய டட்சன் நிற்கிறது. நாளைக்குத் திறக்கிறேன். மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன், நம்பரை நானே பார்த்துக்கொள்வேன்.

ஜெயபாலன்