பால்கனியில் காய்ந்த குர்த்

அல்மாத்தி, ஏப்ரல் 28

அன்புள்ள செர்ஜான் அண்ணா,

அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

மலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறங்கும் உங்கள் வேன்கள் என் ஜன்னலுக்குக் கீழே உள்ள நிறுத்தத்தில்தான் பிரேக் பிடிக்கின்றன. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மத்தியானம் கரியாகிவிடுகிறது. மகள் ஐசாவ்லே இருமலில் சுருண்டு கிடக்கிறாள். டாக்டரம்மா, "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?" என்று என்னைத் திட்டுகிறாள். நிறுத்தத்தைச் சந்தைப் பக்கம், சமதளத்துக்கு மாற்றுங்கள். பனிக்காகப் போட்ட ஆணி டயர்களை இனியாவது கழற்றச் சொல்லுங்கள்.

தங்கை,
ஜானில்

மே 6

அன்புத் தங்கைக்கு,

சின்ன வயதிலிருந்தே நீ எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள். என் வேன்கள் எல்லாம் மின்சார வண்டி, புகைக்குழாயே கிடையாது! நிறுத்தத்தை மாற்றினால் போட்டிக்காரன் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவான். மே மாதத்திலும் பனி கொட்டும் ஊர் இது, டயர் இருக்கட்டும். நீ ஜன்னலைச் சாத்திக்கொள்.

மாதக் கடைசியில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். "என் தங்கச்சி குர்த் மாதிரி எங்கயும் கிடைக்காது" என்று பெருமையடித்துவிட்டேன். அந்தத் தயிர் உருண்டைகளைக் கொஞ்சம் அனுப்பிவை.

அண்ணன்,
செர்ஜான்

மே 24

அண்ணா,

குர்த் அனுப்பியிருக்கிறேன். தயிரை வடித்து, உப்பிட்டு, உருட்டி, எப்போதும்போல பால்கனியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

ஜானில்

ஜூன் 2

ஜானில்,

என் மானத்தை வாங்கிவிட்டாய். சம்பந்தி ஒன்றை வாயில் போட்டார், நறநறவென்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்து, "என்ன சம்பந்தி, ரோட்டையே உருட்டிக் குடுத்துட்டீங்களா?" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கழுவியாவது அனுப்பியிருக்கக் கூடாதா?

செர்ஜான்

ஜூன் 7

அண்ணா,

குர்த்தை யாராவது கழுவுவார்களா? கரைந்துபோகாதா?

உங்கள் சம்பந்தி சொன்னது சரி, அது ரோடுதான். உங்கள் பிரேக்கும் டயரும் தேய்த்து அரைத்த ரோடு. அதற்குப் புகைக்குழாய் தேவையில்லை. அவர் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டார். அதற்கே உங்களுக்கு மானம் போயிற்று. என் பிள்ளை மாதக்கணக்கில் மூச்சோடு உள்ளே இழுத்ததை எங்கே போய்த் துப்புவாள்?

நேற்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வராதீர்கள். நிறுத்தம் மாறும்வரை என் முகத்தில் விழிக்கவே வேண்டாம்.

இங்கே ஆஸ்பத்திரியிலும், தெருவில் பிரேக் கிரீச்சிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். முகம் சிவந்துபோய்க் கேட்கிறாள்: "மாமா வண்டி போயிடுச்சாம்மா? மூச்சு விட்டுக்கவா?"

ஜானில்