கிணற்றை எட்டிப் பார்த்த எத்திராஜுக்கு

என் உயிரான அண்ணாத்தே எத்திராஜு,

இன்று காலையும் பொன்னேரியில் அதே பெட்டியில்தான் ஏறினேன். கடைசிக்கு முந்தின பெட்டி. நீ முந்தி ஏறி ஜன்னலோரம் உன் டிபன் கேரியரை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாயே, அங்கே ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? கும்மிடிப்பூண்டி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள். அதற்கு முந்தின வாரம்கூட ரயிலில் கேட்டேன், "இன்னா அண்ணாத்தே, கண்ணெல்லாம் மஞ்சளா கீது?" என்று. "இரும்பு மில்லுல நாள் பூரா நெருப்பயே பாத்துக்கினு நின்னா மஞ்சளாத்தான் ஆவும்" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே உன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டாமா?

சரி, அது ஒரு குற்றம். இந்தக் கடிதம் இன்னொரு குற்றத்துக்காக. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நீ இருந்தவரைக்கும் என் வாயைத் திறந்து சொல்லவில்லை. இப்போது ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

கும்மிடிப்பூண்டியில் அந்தப் பம்ப்செட் கம்பெனி டிரெயினிங் ஞாபகம் இருக்கிறதா? இருக்காமல் எங்கே போகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எட்டுப் பேர் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். மேஜைமேல் ஒரு மோட்டார், சாமி மாதிரி. மெட்ராஸிலிருந்து வரும் டிரெயினிங் ஆபீசர் கோட்டைக்கூடக் கழற்ற மாட்டார். எங்களில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை நீ ஒருவன்தான். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று மாறி மாறி வந்து, பயிர் வைக்கிறவர்களுக்கு மோட்டார் விற்கக் கற்றுக்கொண்டிருந்தாய்.

கம்பெனி ஆளுக்கொரு டை கொடுத்தது. ஆபீசர் மூன்று தடவை முடிந்து காட்டியும் எங்களுக்கு வரவில்லை. நீ மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டாய். வலைக்குப் போடுகிற முடிச்சு அது! ஆபீசரே இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. அப்புறம் ஆறு வாரமும் அதைத் தலைவழியாகத்தானே மாட்டிக் கழற்றினாய்.

ஆபீசரின் முக்கியமான பாடம் 'வேண்டாம்'. பார்ட்டி, அதாவது வாங்குகிற ஆள், வேண்டாம் என்றால் அதற்கு அர்த்தம் வேண்டாம் இல்லையாம், இன்னும் கொஞ்சம் சொல் என்று கேட்கிறானாம். ஐந்து தடவை வேண்டாம் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாதாம். அதற்கு ஒரு பயிற்சி வைத்தார். ஒருவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விவசாயியாக உட்கார வேண்டும், இன்னொருவன் அவனுக்கு மோட்டாரை விற்க வேண்டும். நீயும் நானும் ஜோடி.

ரயிலில்கூட விடமாட்டோம். நான் விற்பேன், நீ பேரம் பேசுவாய். ஒருநாள் எதிரே இருந்த பெரியவர் நெசம் என்றே நினைத்து, "தம்பி, அந்த வெலைக்கு எனுக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்றாரே! நீ சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தச் சிரிப்புக்கு இப்போது நான் எங்கே போவேன், சொல்.

கடைசி நாள் பரீட்சை. பொன்னேரி ஏரியாவுக்கு ஒரே ஓர் ஆள்தான் என்று ஆபீசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒன்று நீ, இல்லை நான். முதலில் நான் விற்றேன். நீ துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை வேண்டாம் என்றாய். மூன்றாவது தடவை உன்னால் முடியவில்லை. "இவ்ளோ சொல்றியே, சரி குடு நைனா" என்று வாங்கிக்கொண்டாய். ஆபீசர் எனக்கு நல்ல மார்க் போட்டார். "உன் மூஞ்சியப் பாத்துக்கினே இன்னொருவாட்டி வேணாம்னு சொல்ல வரலடா" என்று என் காதில் சொன்னாய்.

அடுத்து நான் துண்டைக் கட்டிக்கொண்டேன். நீ நன்றாகத்தான் பேசினாய். நான் நான்கு தடவை வேண்டாம் என்றேன், நான்குக்கும் உன்னிடம் பதில் இருந்தது. ஐந்தாவதாக, முந்தின நாளே யோசித்துத் தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "எங்க கெணத்துல தண்ணியே இல்லப்பா. மாசிலயே வத்திப்பூட்ச்சி. மோட்டார வாங்கி இன்னா பண்றது?"

அதற்குப் பதில் பாடத்தில் கிடையாது. கிடையாது என்று தெரிந்துதான் கேட்டேன், அண்ணாத்தே.

நீ மோட்டார் மேலிருந்து கையை எடுத்தாய். பிறகு கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "தண்ணி இல்லனா வாங்காத நைனா. துட்ட பத்திரமா வெச்சிக்க. மொதல்ல கெணத்த தூரு வாரு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விற்க வந்தவனே வாங்காதே என்கிறான், இவனை வைத்துக்கொண்டு கடையை மூட வேண்டியதுதான் என்று ஆபீசர் பேனாவை மூடினார். வேலை எனக்கு வந்தது.

திரும்பும் ரயிலில் நீ வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாய். "உங்க ஊட்டுக் கெணத்துல நெசமாலுமே தண்ணி இல்லியாடா? இம்மா நாளு பழகிக்கினு கீறோம், ஒரு வார்த்த சொல்லலியே நீ."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ பரீட்சைக்குப் பதில் சொல்லவில்லை, எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. "ஆமா அண்ணாத்தே, பேஜாராத்தான் கீது" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு ஞாயிறு கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாய்! கூடவே கிணறு தூர் வாருகிற ஆள் ஒருவர், தோளில் கயிறும் கூடையுமாக. எங்கெங்கோ விசாரித்து, உனக்குத் தெரிந்தவர் என்பதால் கூலி குறைத்துப் பேசி, அழைத்து வந்திருந்தாய். நான் தடுப்பதற்குள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டாய்.

கை விட்டால் எட்டுகிற உயரத்தில் தண்ணீர் கிடந்தது. என் அப்பா வேறு பெருமையாகச் சொன்னார், "எந்தக் கோடையிலயும் இது வத்துனதில்ல தம்பி" என்று.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. அப்புறம் அந்த ஆளிடம் திரும்பி, "நான்தான் தப்பா இட்டாந்துட்டேன் போலகீதுபா. அது வேற யாரோ ஊட்டுக் கெணறு" என்றாய். என் அப்பா முன்னால் என் மானம் போகக்கூடாது என்று உன் தலையில் போட்டுக்கொண்டாய். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாய். "இனிப்பா கீது. எங்க பக்கம்லாம் உப்புத்தண்ணிதான். எங்கம்மாவுக்கு ஒரு கொடம் எடுத்தும்போனா சந்தோசப்படும்" என்றாய். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மறுநாள் காலை ரயிலில் உன் கேரியர் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தது. நீ புதிதாகச் சேர்ந்த இரும்பு மில்லுக்கு ஷிப்டு போனாய், நான் டை கட்டிக்கொண்டு, கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மோட்டார் விற்கப் போனேன். மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோமே, ஏன் ஒருநாளும் கேட்கவில்லை நீ? நாலு அறை விட்டிருக்கலாமே. நான் ஆறியிருப்பேன்.

என் பிழைப்பைக் கேட்டால், நன்றாகத்தான் விற்கிறேன். ஐந்தாவது வேண்டாமுக்கும் பதில் வைத்திருக்கிறேன். ஒரு ஊரில் நெசமாகவே வற்றிப்போன கிணற்றுக்காரர் ஒருவருக்கும் விற்றேன். மழை வந்தால் ஊறிவிடும் என்று நான் சொன்னதை நம்பினார். ஊறவில்லை. மோட்டாரைச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார். இன்னும் என்னைப் பார்த்தால் மோர் குடிக்கக் கூப்பிடுகிறார். நான் அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்து அழுதார். "எம்புள்ளைக்குப் பேசத் தெரியாது தம்பி. அதான் அந்தக் கம்பெனில அவன எடுக்கல. நீ பேசத் தெரிஞ்ச புள்ள, பொழச்சிக்கினே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பேசத் தெரியாதவனா நீ? அந்தக் கூரைக்குக் கீழே ஆறு வாரத்தில் மனுஷன் பேச்சாகப் பேசியது நீ ஒருவன்தான். அது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பழவேற்காட்டுக்கு வருகிறேன், அண்ணாத்தே. உன் அம்மா முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். எழுந்து போடா என்றால், அந்த ஒரு தடவையிலேயே எழுந்துவிடுவேன். ஐந்து தடவை சொல்ல வைக்க மாட்டேன். கையில் ஒரு குடம் இருக்கும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அதை மட்டும் அவர் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

கிணறு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்ன,
உன் தம்பி
தாமோதரன்