துறையில் சொல்ல வேண்டிய பெயர்

தஞ்சோங் பகார் துறைமுகம்,
தை 12.

அன்புள்ள செல்லாயிக்கு,

நான் சுகம். நீ கப்பல் ஏறுவதற்குள் ஒன்று பழகிக்கொள்ள வேண்டும்.

இங்கே இறங்குகிற பெண்களிடம் சீட்டு சரிபார்க்கும் வெள்ளைக்காரத் துரை புருஷன் பெயரைக் கேட்பார். சீட்டில் இருக்கும் பெயரும் வாயில் வரும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் வெளியே விடுவார்.

போன மாதம் என்னோடு மூட்டை தூக்கும் வெள்ளையப்பனின் மனைவி வந்தாள். பெயர் வாயில் வரவில்லை. துரையின் முகத்தைக் காட்டி, "இந்த நெறந்தாங்க அவரு பேரு" என்றாள். துரை சிவந்துபோனார். அழைத்துப்போக வந்தவர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் சிரித்தோம். அவளை வந்த கப்பலிலேயே திருப்பி ஏற்றியபோது யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையப்பன் கத்தியும் பலனில்லை.

"புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்" என்பாள் உன் அம்மா. நீ இல்லாமல் இங்கே போன ஐந்து வருஷமும் என் ஆயுசில் குறைந்ததுதான்.

கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் பெயரை நாலு தடவை சொல்லிப் பார். தங்கச்சி சிரித்தால் சிரிக்கட்டும்.

துரை கேட்டதும் சத்தமாகச் சொல். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாயால் தன் பெயரை இன்னும் கேட்காதவன்.