செந்நூல் கட்டிய பொய்

மழை மறவாத குன்றும் கலம் மறவாத துறையும் உடைய வெண்குன்ற நாட்டின் அரசி, நீலியாற்றின் இரு கரைக்கும் காவலான செங்கோதை மாதேவியார் சொல்லச் சொல்ல, ஓலைநாயகம் கீரந்தை எழுதிய திருமுகம். நெய்தலம்பட்டினத்து வணிகர் அவையின் தலைவர் பெருஞ்சாத்தன் காண்க.

உம் பட்டினம் செழிக்க. உம் துறைக்கு வரும் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உம் நகரத்து மக்கள் நோயின்றி வாழ்க. உமக்கென்று தனியே வாழ்த்து எழுத வேண்டாமென்று அரசியார் பணித்திருக்கிறார், ஆகவே எழுதப்படவில்லை.

கருமருதந்துறையில் ஓடம் விடும் கொற்றி என்பவள் நான்கு நாள் நடந்து நேற்று அரண்மனை வாயிலுக்கு வந்தாள். நீதி கேட்க வந்திருப்பாள் என்று காவலர் எண்ணினர். அவள் கேட்டதோ தண்டனை. மூன்று உயிர் போகத் தான் காரணமென்றும், தன்னைச் சிறையில் இடவேண்டுமென்றும் அவையின் நடுவே நின்று சொன்னாள். அவளுக்கு நேர்ந்ததை நீர் முழுதும் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வோலை இத்தனை நீளமாயிற்று.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கில் கொற்றியின் கணவன் அந்துவன் ஓடத்திலிருந்து தவறி ஆற்றோடு போனான். உடல் கிடைக்கவில்லை. அவன் பிடித்த துடுப்பைக் கொற்றி பிடித்தாள். ஓடம் நிற்கவில்லை, அவள் எதிர்பார்ப்பும் நிற்கவில்லை. யாராவது எங்கோ ஒரு கரையில் அவனை இழுத்துப் போட்டிருக்கலாம் என்று நம்பிக்கொண்டே அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தாள்.

பங்குனியில் அவள் குடிசைக்கு ஓர் ஓலை வந்தது. செந்நூல் கட்டியிருந்தது. செந்நூல், உயிருக்கு இடர் வரும்போதும் உயிர் பிழைத்த செய்தி வரும்போதும் மட்டும் கட்டுவதற்கென்று இந்நாட்டில் ஒதுக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் அதைக் கண்டால் எழுந்து நிற்பர். கொண்டுவந்த தூதர் மேலுறையில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார்: “உயிர்ச் செய்தி. அந்துவன் இல்லத்தார் உடனே பிரிக்க.” உள்ளே இருப்பதைப் படிக்க அவருக்கு உரிமையில்லை. ஊர்க் கணக்கரும் அன்று ஊரில் இல்லை.

கொற்றி ஓடத்தைக் கட்டினாள். கணவனின் வெளுத்த வேட்டி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டாள். எந்த நிலையில் இருக்கிறானோ, மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று. இரண்டு காதம் வெயிலில் நடந்து மணலிக்குடிக் கோயில் எழுத்தரிடம் ஓலையை நீட்டினாள். அவர் பிரித்துப் படித்தார்.

“அன்பும் ஆற்றலும் மிக்க அந்துவன் அவர்களே! இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? உங்களுக்காகவே காத்திருக்கிறது ஓர் அதிசயம்!”

அதன்பின் பதினாறு வரி. உலகில் இல்லாத புகழ்ச்சியெல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியில்தான் அந்த அதிசயம் கூந்தல் தைலம் என்று தெரிந்தது.

எழுத்தர் படித்து முடித்தும் அவள் நகரவில்லை. மறுபடி படிக்கச் சொன்னாள். எங்கோ நடுவில் அவன் இருக்கும் ஊரின் பெயர் விடுபட்டிருக்கும் என்று நினைத்தாளாம். மூன்றாம் முறை கேட்டபோது எழுத்தர் ஓலையைக் கட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பெருஞ்சாத்தரே, அந்த ஓலை உம் எழுத்துக்கூடத்தில் எழுதப்பட்டது. செந்நூல் உம் ஆணையால் கட்டப்பட்டது.

கொற்றி ஊர் திரும்பி எல்லோரிடமும் சொன்னாள். அதற்கு முன்பே அவ்வூரில் சிலருக்கு உம் செந்நூல் ஓலைகள் வந்திருந்தன, ஏமாந்ததை வெளியே சொல்ல அவர்கள் நாணியிருந்தனர். அதன்பின்னும் மாதத்தில் எட்டு, பத்து என்று வந்தன. சிலர் அடுப்பில் இட்டனர். கொற்றி ஆற்றில் விட்டாள்.

இவ்வாண்டு ஆடி ஏழாம் நாள் மேலேரிக் காவலர் வெளியன், கரை விரிசல் கண்டு, கீழூர்களெல்லாம் மேட்டுக்குப் போகும்படி செந்நூல் ஓலை விடுத்தார். கருமருதந்துறைக்குரியது, துறையில் முதலில் எதிர்ப்பட்ட கொற்றியின் கையில் கொடுக்கப்பட்டது. தூதர் அடுத்த ஊருக்கு விரைந்தார். மறுநாள் உச்சிப்பொழுதில் ஏரி உடைந்தது.

அதன்பின் நடந்ததை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதுமாறு அரசியார் பணித்தார்: “தாயே, முப்பத்தாறு பேரை ஓடத்துல ஏத்தி மேட்டுல விட்டேன். குயவர் வீட்டுக்குப் போறதுக்குள்ள கூரையே இல்ல. புருசன், பெண்டாட்டி, அந்த வீட்டுக் கெழவி, மூணு பேரும் போயிட்டாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் ஏரிக்காவலரு வந்து, ‘ஓலை வரலியா?’ன்னு கேட்டாரு. வந்துச்சு. நாந்தான் பிரிக்காம ஆத்துல விட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க.”

அரசியார் அரியணை விட்டு இறங்கி வந்து, அவள் குற்றவாளி அல்லள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை. அரசியாரின் சினம் இத்தனை மூண்டதற்கு அதுவே காரணம்.

உம் கூடத்திலிருந்து இந்நகர வீடுகளுக்கு வந்த ஓலைகளில் நாற்பதை நேற்றே வரவழைத்து அரசியாரே படித்தார். நாற்பதிலும் ஒரே புகழ்ச்சி, பெயர் மட்டும் வேறு. பன்னிரண்டில் ‘மணம் கொடுக்கும் தைலம்’ என்பது ‘மனம் கெடுக்கும் தைலம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரும் பார்க்கவில்லை, கட்டியவரும் பார்க்கவில்லை. ஓலை முழுவதிலும் உண்மையான வரி அந்த ஒன்றுதான் என்று அரசியார் சொன்னார். அவையில் எவரும் சிரிக்கவில்லை.

உமக்கு முன் அவ்விடத்தில் இருந்தவர் எழுதுவித்த ஓலை ஒன்றும் கிடைத்தது. “கலத்தில் வந்த மிளகில் ஆறில் ஒரு பங்கு ஈரம் பட்டது. மூன்று நாள் உலர்த்தினால் பழுதில்லை. வேண்டுவோர் சொல்லி அனுப்புக” என்று மூன்றே வரி. அந்த மிளகு பத்து நாளில் விற்றுத் தீர்ந்ததாம். குறையைச் சொன்னவனின் நிறையை மக்கள் நம்பினர். இதை அறிய உமக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. படிப்பவரும் மனிதர் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

முன்பொருமுறை அமைச்சர் கேட்டபோது, நூறு ஓலைக்கு இருவர் வந்தாலும் தமக்குப் போதும், மற்ற தொண்ணூற்றெண்மர் எறிந்துவிட்டுப் போகட்டும் என்று நீர் மறுமொழி விடுத்தீர். எறிந்துவிட்டார்கள், பெருஞ்சாத்தரே. நீர் சொன்னபடியே எறிந்துவிட்டார்கள்.

ஆகவே ஆணை. இன்று முதல் செந்நூலைத் தொடும் வணிகர் நாடு கடத்தப்படுவர். மேலுறையில் எழுதியது உள்ளே இல்லையேல் எழுதுவித்தவர் தண்டம் பெறுவர். எந்த ஓலையும், எழுதியவர் அல்லாத மற்றொருவர் உரக்கப் படித்துக் கேட்டபின்னரே கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பெயர் அன்றே நீக்கப்பட வேண்டும். இறந்தார் பெயர்களை நீரே தேடி அறிந்து நீக்குக.

கொற்றியிடம், என்ன வேண்டுமென்று அரசியார் கேட்டார். பொன்னும் நிலமும் வேண்டாமென்றாள். “அவரு இல்லைன்னு ஒரு ஓலை வேணும் தாயே. இதுவரைக்கும் யாரும் எனக்கு நேரா சொல்லல” என்றாள்.

அந்த ஓலையை நீர் எழுதுவீர். உம் கையால், எழுத்தரிடம் கொடாமல், ஒரு புகழ்ச்சியும் இன்றி எழுதுவீர். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆதலால் கருமருதந்துறைக்குச் சென்று, அவள் முகம் பார்த்து நீரே படித்துக் காட்டுவீர்.

தேர் தருவதாக அரசியார் சொன்னார், கொற்றி மறுத்துவிட்டாள். இன்று காலை நடந்து புறப்பட்டாள். அவளுக்கு நான்கு நாள் வழி. உம்மிடம் குதிரை உண்டு. அவள் ஊர் எல்லையை மிதிக்கும்போது நீர் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஆவணித் திங்கள் பதினோராம் நாள், குன்றும் கலமும் பொறித்த அரச இலச்சினை இட்டு விடுக்கப்பட்டது. புறப்படுக.